எச்.ஐ.வி. வந்த வழி: வைரஸின் மரபணுவில் படியும் தடம்

உத்திரமேரூர் வட்டாரத்துச் சிற்றூர் ஒன்றில் எவருக்கேனும் எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரியவந்தால், அது எங்கிருந்து வந்திருக்கும் என்பதற்கு ஊரார் ஆயத்தமாக வைத்திருக்கும் விடைகள் சிலவே: லாரி, பட்டணம், வெளியூர் வேலை. காஞ்சிபுரத்துக்கும் செங்கல்பட்டுக்கும் வந்தவாசிக்கும் சாலைகள் பிரிகின்ற அப்பகுதியில், கல்குவாரிகளிலிருந்து ஜல்லியும் எம்-சாண்டும் ஏற்றிச் செல்லும் லாரிகள் ஓயாது வந்துபோவதாலும், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துத் தொழிற்சாலைகளுக்கு இளைஞர்கள் நாள்தோறும் கம்பெனிப் பேருந்தில் போய்த் திரும்புவதாலும், நோய் வெளியிலிருந்து வருவது, கிராமம் அதை வாங்கிக்கொள்வது என்ற எண்ணம் எளிதில் வேரூன்றிவிட்டது. இத்தகைய எண்ணத்தை ஊர்ப்பேச்சையோ நோயாளியின் நினைவையோ நம்பாமல், வைரஸின் மரபணுவையே சாட்சியாக வைத்துச் சோதித்துப் பார்க்கும் முறை கடந்த முப்பது ஆண்டுகளில் உருவாகி வளர்ந்துள்ளது. பல இடங்களில் அது ஊரறிந்த விடையைப் பொய்யாக்கியிருக்கிறது. சில இடங்களில் அதை அப்படியே தலைகீழாகப் புரட்டியும் இருக்கிறது.

எச்.ஐ.வி.யின் மரபணுத்தொகுதி ஆர்.என்.ஏ. என்னும் வேதிப்பொருளால் ஆனது. நான்கே வகை வேதிக்கூறுகள் மாறி மாறிக் கோத்த ஏறத்தாழ 9,700 எழுத்துகள் கொண்ட நீண்ட சரம் என்று அதைக் கொள்ளலாம். உடலின் நோயெதிர்ப்பு செல்லுக்குள் நுழையும் வைரஸ் இந்தச் சரத்தை டி.என்.ஏ.வாகப் படியெடுத்து, அந்த செல்லின் மரபணுவோடு இணைத்துவிட்டு, பிறகு அதைக்கொண்டே புதிய வைரஸ்களை உருவாக்குகிறது. படியெடுக்கும் வேலையைச் செய்கின்ற 'ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ்' என்ற நொதிக்குத் தன் பிழையைத் தானே திருத்திக்கொள்ளும் திறன் இல்லாததால், ஏறக்குறைய மூன்று படிகளுக்கு ஓர் எழுத்து வீதம் பிழை விழுகிறது. மருந்து எடுக்காத ஒருவரின் உடலில் நாளொன்றுக்கு ஆயிரம் கோடி அளவில் புதிய வைரஸ்கள் பிறப்பதைக் கருதினால், பிழைகள் எவ்வளவு விரைவாகக் குவியும் என்பது விளங்கும். பிறழ்வு என்று அறிவியலார் சொல்வது இந்த எழுத்துப்பிழைகளைத்தான்.

பழைய ஏட்டுச்சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பிப்போர் கையாளும் முறையும் இதுவும் அடிப்படையில் ஒன்றே. ஓர் ஏட்டைப் பெயர்த்தெழுதியவர் செய்த பிழை, அவருடைய படியைப் பார்த்து எழுதியவர்களின் ஏடுகளிலெல்லாம் தொடரும் என்பதால், ஒரே பிழையைச் சுமந்து நிற்கும் இரு சுவடிகள் ஒரே மூலத்திலிருந்து இறங்கியவை என்று பதிப்பாசிரியர் முடிவுக்கு வருவார். எந்த ஊர்ச் சுவடி எந்த மடத்துச் சுவடியின் வழி வந்தது என்று கால்வழியும் வகுப்பார். வைரஸ்களின் எழுத்துப்பிழைகளை ஒப்பிட்டுக் கணினி வரைகின்ற கிளைமரமும் அவ்வாறே பொதுவான பிழைகள் உள்ளவற்றை ஒரே கிளையில் வைத்து, பிழைகள் பிரிகின்ற இடத்தில் கிளையைப் பிரிக்கிறது. பிழைகள் ஏறத்தாழ ஒரே சீரான வேகத்தில் சேர்வதால், இரண்டு கிளைகள் எந்த ஆண்டை ஒட்டிப் பிரிந்தன என்றுகூடக் கணக்கிட முடியும். இதற்கு மூலக்கூறுக் கடிகாரம் என்று பெயர்.

ஆய்வகத்தில் நடப்பது ஆரவாரமற்ற வேலை. ரத்தம் உறையாதிருக்க மருந்து பூசிய குழாயில் சில மில்லிலிட்டர் ரத்தம் எடுத்து, அதைச் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பிரித்து, உடனே சோதிக்க இயலாதெனில் பூஜ்யத்துக்குக் கீழே 80 டிகிரி குளிரில் வைப்பார்கள். பிறகு அதிலுள்ள ஆர்.என்.ஏ.வைப் பிரித்தெடுத்து, பி.சி.ஆர். முறையில் பெருக்கி, மரபணுவின் ஒரு பகுதியை எழுத்து எழுத்தாகப் படிப்பார்கள். பெரும்பாலும் படிக்கப்படுவது 'போல்' எனப்படும் பகுதியில் ஓராயிரத்தைச் சற்று ஒட்டிய எழுத்துகள். எச்.ஐ.வி.க்குத் தரப்படும் கூட்டுமருந்துகள் தாக்குவதும் இந்தப் பகுதியைத்தான் என்பதால், மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று பார்ப்பதற்காக மருத்துவர்கள் ஏற்கெனவே படித்து வைத்திருப்பதே தடமறியும் ஆய்வுக்கும் மூலப்பொருளாகிறது. இப்பகுதியில் ஆயிரம் எழுத்துக்கு ஆண்டுக்கு ஓரிரு எழுத்துகள் மாறுகின்றன. அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம், இருவரின் வைரஸ்கள் ஆயிரத்துக்கு ஐந்து எழுத்துக்கு மேல் வேறுபடாதிருந்தால், அவை அண்மைக்காலத்தில் விரைந்து பரவிய ஒரு கொத்தின் உறுப்புகளாக இருக்கக்கூடும் என்று கொள்கிறது. ஒரே மாநிலத்தில் தொடர்பின்றி வாழும் இரு நோயாளிகளிடையே இந்த வேறுபாடு பல பத்து எழுத்துகளாக இருக்கும்.

இங்கு ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. இருவரின் வைரஸ்கள் மிக நெருங்கியவை என்பதனால் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு அது நேரே சென்றது என்று ஆகிவிடாது. இருவருக்கும் மூன்றாமவர் ஒருவரிடமிருந்து வந்திருக்கலாம். இடையில் சோதனைக்கே வராத நான்காமவர் இருந்திருக்கலாம். ஒருவர் உடலில் உள்ள பல்லாயிரம் வைரஸ் வடிவங்களையும் தனித்தனியே படிக்கும் ஆழ்வரிசை முறை வந்த பின், ஒருவருடைய வைரஸ் வகைகளின் நடுவிலிருந்து மற்றவருடைய வகைகள் கிளைத்திருப்பதைக் கண்டு, திசையை ஓரளவு ஊகிக்க முடிகிறது என்பது உண்மையே. அதுவும் ஓரளவே. நூற்றுக்கணக்கான இணைகளைச் சேர்த்துக் கூட்டிப் பார்க்கும்போது தவறுகள் தேய்ந்து மொத்தப் போக்கு தெளிவாகத் தெரியும்; குறிப்பிட்ட இருவரைப் பற்றிக் கூண்டிலேற்றிச் சொல்லும் அளவுக்கு அந்த ஊகம் வலுவானதன்று. ஆகவே இம்முறை நம்பத்தக்க விடை தருவது ஊருக்கும் ஊருக்கும், வயதுக்கும் வயதுக்கும், ஒரு மக்கட்குழுவுக்கும் இன்னொன்றுக்கும் இடையிலான ஓட்டத்தைப் பற்றிய கேள்விகளுக்கே.

இந்தியாவில் எச்.ஐ.வி.யின் வரலாறு எழுதப்படத் தொடங்கியது சென்னையில். 1986ஆம் ஆண்டு, சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் முதுநிலை மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமன் வழிகாட்டலில், பாலியல் தொழில் தொடர்பாகக் காப்பகத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்கள் உள்ளிட்டோரிடம் ரத்த மாதிரிகள் திரட்டி, வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் வைத்திருந்து, வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரிக்கு எடுத்துச் சென்று சோதித்தபோது, ஆறு மாதிரிகளில் தொற்று இருப்பது தெரியவந்தது. அமெரிக்காவில் மறுசோதனை செய்து அது உறுதிப்படுத்தப்பட்ட பின், செய்தி சட்டமன்றம் வரை சென்றது. முதலில் தேடிய இடத்தில் முதலில் கிடைத்தது என்பதற்கு மேல் அந்தக் கண்டுபிடிப்பு எதையும் சொல்லவில்லை. ஆனால் பொதுமக்கள் மனத்தில் அப்பெண்களே நோயின் தோற்றுவாய் என்றாகிவிட்டது. தொற்று உறுதியான பெண்கள், விடுதலைக்குரிய காலம் கடந்தும் காப்பகத்தில் அடைபட்டிருந்தது அந்த எண்ணத்தின் விளைவு; பத்திரிகையாளர் ஒருவர் தொடுத்த பொதுநல வழக்கின் விளைவாக 1990இல் சென்னை உயர்நீதிமன்றத் தலையீட்டால்தான் அவர்கள் வெளிவந்தனர்.

வைரஸின் மரபணு வேறு கதை சொன்னது. 1994ஆம் ஆண்டு, மும்பையில் திரட்டிய மாதிரிகளை ஜெர்மானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து படித்தவர்கள், இந்தியாவில் அப்போது பரவிக்கொண்டிருந்த எச்.ஐ.வி.-1 வைரஸ்கள் ஒரே மூதாதையிலிருந்து அண்மையில் கிளைத்தவை போல் இருப்பதாக அறிவித்தனர். பின்னர் புனே தேசிய எய்ட்ஸ் ஆராய்ச்சி நிறுவனமும் பெங்களூரு ஜவஹர்லால் நேரு உயராய்வு மையமும் பிறரும் செய்த ஆய்வுகளில், இந்தியத் தொற்றுகளில் பத்தில் ஒன்பதுக்கு மேல் 'துணைவகை சி' என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை என்பதும், இந்திய வைரஸ்கள் ஆப்பிரிக்கத் துணைவகை சி மரத்தில் தனிக்கிளையாக நிற்கின்றன என்பதும் உறுதிப்பட்டன. இவ்வளவு பரந்த நாட்டில், துறைமுகங்களும் விமான நிலையங்களும் இத்தனை இருக்க, வைரஸ் பல வாசல்களில் பலமுறை நுழைந்திருக்கும் என்றே எவரும் எதிர்பார்த்திருப்பர். மரமோ, நாட்டில் நிலைபெற்ற தொற்று பெரும்பாலும் ஒரே நுழைவிலிருந்தோ மிகச் சில நுழைவுகளிலிருந்தோ பெருகியது என்று காட்டுகிறது. மூலக்கூறுக் கடிகாரத்தைக் கொண்டு 2010-களின் தொடக்கத்தில் வெளியான கணக்கீடுகள், அந்த மூதாதையின் காலத்தை 1960-களின் பிற்பகுதிக்கும் 1970-களின் நடுப்பகுதிக்கும் இடையில் வைக்கின்றன. அதாவது, சென்னையில் ஆறு மாதிரிகள் கண்டறியப்படுவதற்குப் பத்தாண்டுக்கு முன்பே வைரஸ் இந்நாட்டில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. காப்பகத்தில் இருந்த பெண்களுக்கு அது எவரிடமிருந்தோ வந்து சேர்ந்திருக்கிறது.

இன்னொன்றையும் இந்த மரம் காட்டியது. மணிப்பூரில் 1989-90 அளவில் ஹெராயினை ஊசியில் ஏற்றிக்கொள்வோரிடையே வெடித்த தொற்றில், தாய்லாந்து வழி வந்த துணைவகை பி-யும் இந்திய சி-யும் கலந்து நின்றன. சீனத்தின் யுன்னான் மாநிலத்தில் தோன்றி அந்நாடெங்கும் பரவிய பி-சி கலப்பு வைரஸ்களில் உள்ள சி பகுதி இந்திய வைரஸிலிருந்து சென்றது. நோயை எப்போதும் வெளியிலிருந்து வந்ததாகவே பேசிப் பழகிய நாடு, தன் எல்லை தாண்டி அதை அனுப்பியும் இருக்கிறது என்பது அதிகம் பேசப்படாத உண்மை.

குற்றம் சுமத்தப்பட்டவர்கள் மீதான பழியை இம்முறை துடைத்த நிகழ்ச்சிகள் இரண்டு உலகப் புகழ் பெற்றவை. லிபியாவின் பெங்காசி நகரக் குழந்தைகள் மருத்துவமனையில் 400-க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கு எச்.ஐ.வி. தொற்றியது 1998இல் தெரியவந்தபோது, அங்கு வேலை பார்த்த ஐந்து பல்கேரிய செவிலியர்களும் பாலஸ்தீன மருத்துவர் ஒருவரும் வேண்டுமென்றே தொற்றை ஏற்றியதாகக் கைது செய்யப்பட்டு, மரண தண்டனையும் பெற்றனர். குழந்தைகளின் ரத்தத்திலிருந்த வைரஸ்களின் மரபணுவைப் பன்னாட்டு அறிஞர் குழு ஒன்று ஆராய்ந்து, அந்த வைரஸ் 1998 மார்ச்சில் அவர்கள் வேலைக்குச் சேர்வதற்கு முன்பே மருத்துவமனையில் பரவத் தொடங்கிவிட்டது என்று 2006 டிசம்பரில் 'நேச்சர்' இதழில் நிறுவியது. நீதிமன்றம் அதைப் பொருட்படுத்தவில்லை. தூதரகப் பேச்சுகளின் முடிவில் 2007 ஜூலையில் அவர்கள் விடுவிக்கப்பட்டுப் பல்கேரியா சென்றனர். அறிவியல் சான்று கையில் இருந்தும் அது விடுதலையை வாங்கித் தரவில்லை என்பது இந்த நிகழ்ச்சியில் கவனிக்கத்தக்கது. மற்றொன்று, அமெரிக்காவுக்கு எய்ட்ஸைக் கொண்டுவந்தவர் என்று பல ஆண்டுகள் தூற்றப்பட்ட கனடிய விமானப் பணியாளர் கெய்ட்டன் டூகாவைப் பற்றியது. அவருடைய வைரஸ் மரத்தின் வேரில் இல்லை, நடுக்கிளைகளில் ஒன்றில்தான் இருக்கிறது என்றும், அமெரிக்காவில் தொற்று 1970-ஐ ஒட்டி நியூயார்க்கில் வேர்விட்டது என்றும் 2016ஆம் ஆண்டு ஆய்வு காட்டியபோது, அவர் இறந்து முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன.

தனிமனிதரை விட்டு ஊர்களுக்கு வந்தால், உத்திரமேரூர் போன்ற பகுதிகளுக்குப் பாடமாக அமைவது உகாண்டாவின் ராகாய் மாவட்டம். விக்டோரியா ஏரிக்கரையிலுள்ள மீனவக் குடியிருப்புகளில் வயது வந்தோரில் ஐவரில் இருவருக்கு எச்.ஐ.வி. இருந்தது; ஏரியிலிருந்து விலகிய உள்நாட்டு வேளாண் ஊர்களிலும் வணிக ஊர்களிலும் அந்த விகிதம் அதில் பாதியைக்கூடப் பெரும்பாலும் எட்டவில்லை. அதனால் ஏரிக்கரையே நோயின் ஊற்று, அங்கிருந்துதான் அது உள்நாட்டுக்குப் பாய்கிறது என்று மக்களும் அதிகாரிகளும் நம்பினர். 2011 முதல் 2015 வரை நாற்பது ஊர்களில் மாதிரிகள் எடுத்து, ஆழ்வரிசை முறையில் திசையையும் கணித்து 2020இல் வெளிவந்த ஆய்வு, ஏரிக்கரையிலிருந்து உள்நாட்டுக்குச் சென்ற தொற்றைவிட உள்நாட்டிலிருந்து ஏரிக்கரைக்கு வந்த தொற்றே அதிகம் என்று கண்டது. உள்நாட்டுத் தொற்றுகளில் மிகப் பெரும்பான்மை உள்நாட்டுக்குள்ளேயே நடந்தவை. மீனவக் குடியிருப்பு தொற்றை வாரி இறைக்கும் இடமாக இல்லை. வந்து சேர்கின்ற இடமாகவே இருந்தது. ஏரிக்கரையில் மட்டும் மருந்தையும் ஆணுறையையும் குவித்தால் மாவட்டம் முழுவதும் நோய் அடங்கிவிடும் என்ற திட்டம் எதன்மேல் கட்டப்பட்டதோ அந்த அடித்தளமே இதனால் ஆட்டம் கண்டது.

தென்னாப்பிரிக்காவின் குவாசூலு-நட்டால் மாநிலத்தில் 1,589 பேரின் வைரஸ்களைக் கொண்டு 2017இல் வெளியான ஆய்வு ஊர்களுக்குப் பதில் வயதுகளைப் பார்த்தது. 25 வயதுக்குக் குறைந்த பெண்களின் வைரஸ்கள் சராசரியாக 8.7 ஆண்டு மூத்த ஆண்களின் வைரஸ்களோடு இணைந்து நின்றன. அந்த ஆண்களின் வைரஸ்களோ அவர்களையொத்த வயதுப் பெண்களினவற்றோடு இணைந்தன. பள்ளிப் பருவப் பெண்களுக்கு அறிவுரை சொல்வதிலேயே முனைந்திருந்த தடுப்புத் திட்டங்கள், முப்பதை ஒட்டிய ஆண்களைச் சோதனைக்கும் சிகிச்சைக்கும் கொண்டுவராமல் பயன் காண முடியாது என்பதை இது காட்டியது.

தமிழ்நாட்டின் நிலைமை இவ்விரண்டிலிருந்தும் வேறானது. 2000-ஐ ஒட்டிய ஆண்டுகளில் கருவுற்ற பெண்களில் நூற்றுக்கு ஒருவர் என்ற அளவைத் தொட்டு, நாட்டின் மிகை பாதிப்பு மாநிலங்களில் ஒன்றாக வைக்கப்பட்டிருந்த மாநிலம், 1994இல் தொடங்கிய தமிழ்நாடு மாநில எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கத்தின் பணியாலும், லாரி ஓட்டுநர்களிடமும் பாலியல் தொழிலாளர்களிடமும் தன்னார்வ அமைப்புகள் செய்த வேலையாலும், 2004 ஏப்ரலில் தாம்பரம் மார்பு நோய் மருத்துவமனை உள்ளிட்ட இடங்களில் தொடங்கிய இலவசக் கூட்டுமருந்துச் சிகிச்சையாலும் தொற்றைப் பெருமளவு குறைத்துவிட்டது. இன்று உத்திரமேரூர் அரசு மருத்துவமனைக்கு வரும் கர்ப்பிணி ஒருவருக்கு மற்றச் சோதனைகளோடு எச்.ஐ.வி. சோதனையும் செய்யப்படுகிறது; தொற்றுள்ளவர் எச்.ஐ.வி. ஆலோசனையும் சோதனையும் வழங்கும் நம்பிக்கை மையத்தின் ஆலோசகர் வழியே, கூட்டுமருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்கு அனுப்பப்படுகிறார். அங்கே மாத்திரையும் வைரஸ் அளவுச் சோதனையும் கிடைக்கின்றன. வைரஸின் எழுத்துகளைப் படிப்பது அந்த வழக்கமான சோதனைகளில் இல்லை. மருந்து பயனளிக்காமல் போகும்போதோ, ஆய்வு ஒன்றுக்காகவோதான் அது செய்யப்படுகிறது.

இதனால் இந்தியாவின் வைரஸ் மரத்தில் இருப்பவை பெரும்பாலும் சென்னை, மும்பை, புனே, பெங்களூரு, டெல்லி போன்ற நகரங்களின் மருத்துவமனைகளுக்கு வந்தவர்களின் மாதிரிகள். கிடைக்காத சுவடி கால்வழியில் இடம்பெறாதது போல, மாதிரி எடுக்கப்படாத ஊர் மரத்தில் தோன்றாது. அது மட்டுமாயின் குறையாக ஏற்றுக்கொண்டு கடந்துவிடலாம். ஆனால் மாதிரி சமமற்று இருந்தால் மரம் தவறான விடையையும் தரும். சென்னையிலிருந்து ஐந்நூறு மாதிரிகளும் காஞ்சிபுரம் மாவட்டக் கிராமங்களிலிருந்து ஐந்து மாதிரிகளும் எடுத்து ஒருவர் மரம் வரைவதாக வைத்துக்கொண்டால், அந்த ஐந்தும் சென்னைக் கிளைகளின் நுனியில் ஒட்டி நிற்கும். நோய் பட்டணத்திலிருந்து கிராமத்துக்குப் போனது என்று மரமே சான்று சொல்வது போல் தோன்றும். கிராமத்திலிருந்து பட்டணத்துக்கும், கிராமத்துக்கும் கிராமத்துக்கும் இடையிலும் நடந்தவை எவையும் தென்படா. ஊர்ப்பேச்சின் விடையையே கணினி திருப்பிச் சொல்லும்போது அதற்கு ஓர் அறிவியல் மதிப்பும் கூடிவிடுவதுதான் இதிலுள்ள ஆபத்து. ராகாய் ஆய்வாளர்கள் ஒவ்வொரு ஊரிலும் எத்தனை பேர் சோதனையில் கலந்துகொண்டனர், எத்தனை பேரின் வைரஸைப் படிக்க முடிந்தது என்று கணக்கிட்டுத் திருத்தம் செய்த பிறகே திசையைப் பற்றிப் பேசினர்.

மரபணு மட்டுமே எல்லாவற்றையும் சொல்லிவிடும் என்பதும் இல்லை. டெல்லியில் போதை ஊசி போடுவோர் 2,512 பேரிடம், யாரோடு சேர்ந்து ஊசி போடுகின்றனர், எந்த இடத்தில் போடுகின்றனர் என்று தொடர்ந்து கேட்டறிந்து, சென்னை ஒய்.ஆர்.ஜி. கேர் நிறுவனமும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் சார்ந்த ஆய்வாளர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வு, உறவு வலைப்பின்னலைக் கொண்டே தொற்றின் முடிச்சைக் கண்டுபிடித்தது. அந்த மக்கள் ஏழு குழுக்களாகப் பிரிந்திருந்தனர். புதிய தொற்றுகள் ஒரு குழுவில் செறிந்திருந்தன. தொற்றோடு மிக நெருங்கிய தொடர்புடைய ஓர் ஊசிபோடும் இடமோ ஏழில் ஆறு குழுக்களுக்கும் பொதுவாக இருந்தது. அந்த ஓரிடத்தில் சுத்தமான ஊசியும் போதைப்பொருளுக்கு மாற்றான மருந்தும் கிடைக்கச் செய்தால் பெரும்பாலானோரை எட்டலாம் என்ற முடிவுக்கு எவருடைய பெயரும் தேவைப்படவில்லை.

பெயர் தேவைப்படாமல் பார்த்துக்கொள்வதே இத்துறையின் கடினமான பகுதி. அமெரிக்காவில் 2018 முதல் எல்லா மாநிலச் சுகாதாரத் துறைகளும் இத்தகைய கொத்துகளைக் கண்காணிக்கத் தொடங்கியபோது, மருந்தெதிர்ப்புச் சோதனைக்காகக் கொடுத்த ரத்தம் தங்கள் ஒப்புதலின்றி வேறொரு வேலைக்குப் பயன்படுகிறது என்று தொற்றுடன் வாழ்வோரின் அமைப்புகள் எதிர்ப்புத் தெரிவித்தன. நோயைப் பரப்புவது குற்றமாக உள்ள மாநிலங்களில் மரபணு மரம் காவல்துறையின் கைக்குப் போகாது என்பதற்கு என்ன உறுதி என்ற அவர்களுடைய கேள்வியை வெறும் அச்சம் என்று தள்ளிவிட முடியாது. இந்தியாவில் 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி. மற்றும் எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம், விளக்கிச் சொல்லிப் பெற்ற ஒப்புதலின்றிச் சோதனையோ ஆய்வோ கூடாது என்றும், ஒருவரின் தொற்றுநிலையை வெளியிடக் கூடாது என்றும் விதிக்கிறது. சட்டம் நகரத்துக்கும் கிராமத்துக்கும் ஒன்றே என்றாலும், நடைமுறையில் காப்பு ஒன்றாக இருப்பதில்லை. ஐம்பது லட்சம் பேர் வாழும் நகரத்தில் '30 முதல் 35 வயதுக்குட்பட்ட ஆண், ஓட்டுநர்' என்று ஆய்வறிக்கை குறிப்பிட்டால் அது எவரையும் சுட்டாது. முந்நூறு வீடுள்ள ஊரின் பெயரோடு அதே குறிப்பு வெளியானால், படிப்பவர்களுக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். கிராம மாதிரிகளைச் சேர்க்க வேண்டும் என்று கேட்கும் ஆய்வாளர்கள், முடிவுகளை ஊர் அளவில் வெளியிடாமல் வட்ட அளவிலோ மாவட்ட அளவிலோ தொகுத்து வெளியிடுவது என்று முன்கூட்டியே ஒப்புக்கொள்ள வேண்டியிருப்பது இதனால்தான்.

சிகிச்சை பரவலான இடத்தில் இன்னொரு சிக்கலும் எழுகிறது. மாத்திரையை ஒழுங்காக எடுப்பவரின் ரத்தத்தில் வைரஸ் அளவு கண்டறிய முடியாதபடி குறைந்துவிடுகிறது. அவரிடமிருந்து உடலுறவு வழியே பிறருக்குத் தொற்றுவதும் நின்றுவிடுகிறது. ஒரு மில்லிலிட்டருக்கு ஆயிரம் வைரஸ் ஆர்.என்.ஏ. படிகளாவது இருந்தால்தான் வழக்கமான முறையில் எழுத்துகளைப் படிக்க இயலும் என்பதால், அத்தகையவர் மரத்தில் இடம்பெறுவது அரிதாகிறது. செல்லுக்குள் பதுங்கியிருக்கும் டி.என்.ஏ.வைப் படிக்கும் முறைகள் உண்டென்றாலும் செலவு மிகுதி. ஆகவே புதிதாகத் தொற்று கண்டறியப்படுபவரிடம், மருந்து தொடங்குவதற்கு முந்திய அந்தச் சில நாள்களில் எடுக்கும் மாதிரியே இதற்கு மிகவும் உகந்தது. அதற்கு மைனஸ் 80 டிகிரி குளிர்பெட்டி வேண்டும் என்பதுமில்லை. தொற்றுள்ள தாய்க்குப் பிறந்த குழந்தையைச் சோதிக்க, குதிகாலில் குத்தி எடுத்த சில சொட்டு ரத்தத்தைத் தடித்த வடிதாள் அட்டையில் பொட்டுப் பொட்டாக இட்டு உலர்த்தி அனுப்பும் முறை இந்தியாவில் ஏற்கெனவே நடைமுறையில் உள்ளது. அதே அட்டையில் உலர்ந்த ரத்தத்திலிருந்து வைரஸின் எழுத்துகளைப் படிக்கும் முறையை உலகச் சுகாதார நிறுவனம் மருந்தெதிர்ப்பு ஆய்வுகளுக்கு ஏற்றுக்கொண்டிருக்கிறது. உத்திரமேரூரில் உலர்த்திய அட்டை ஒன்று சாதாரண உறையில் சென்னைக்குப் போய்ச் சேர ஒரு பகல் போதும். அதை அனுப்பலாமா என்று அந்நோயாளியிடம் கேட்டு, அவர் மறுத்தாலும் சிகிச்சைக்கு எக்குறையும் வராது என்பதை அவர் நம்பும்படி விளக்கிச் சொல்வதற்கு ஆலோசகருக்கு அதைவிடக் கூடுதல் நேரம் தேவைப்படும்.